சுற்றும்போது வேறு மாதிரி எரியும்

அன்புள்ள டேனி,

இன்றைக்கு சர்ச்சில் உங்கள் ஓலையை வாசிக்கவில்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். சுற்றி வளைத்து ஆரம்பித்தால் கடைசி வரை சொல்லாமலே முடித்துவிடுவேன் என்று எனக்கு என்னைப் பற்றித் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு இருவர் பெயரையும் வாசித்து, தடை ஏதாவது தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள் என்று சபையைக் கேட்பது நம் வழக்கம். முதல் இரண்டு தடவையும் ஆயர் கேட்டார். யாரோ ஒரு குழந்தை வீல் என்று கத்தியது, எல்லோரும் சிரித்தார்கள், அவ்வளவுதான். இன்றைக்குக் கடைசித் தடவை. நான் அந்த மயில்கழுத்து நிறப் புடவையைக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். உன் அப்பாகூட ஷேவ் பண்ணியிருந்தார். ஆயர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சேலையூர்ப் பையன் ஒருவனுக்கும் மேடவாக்கத்துப் பெண் ஒருத்திக்கும் நடக்கப்போகிற கல்யாணத்தை வாசித்தார். தாளை மடித்து வைத்தார். அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். அப்பா என் பக்கம் குனிந்து, "மறந்துட்டார் போல" என்றார். நான் பாடகர் குழுவைத் திரும்பிப் பார்த்தேன். உன் பியூலா வழக்கமான இடத்தில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு புத்தகத்தைத் திறந்து மற்றவர்களோடு பாட ஆரம்பித்தாள். ஆயர் மறக்கவில்லை என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

ஆராதனை முடிந்ததும் வண்டி நிறுத்துகிற இடத்துக்கு அவளே வந்தாள். "நான்தான் ஆன்ட்டி நேத்து ஆயரைப் பாத்து நிறுத்தச் சொன்னேன். கல்யாணமே வேண்டாம்னு சொல்லலை. இப்ப வாசிக்க வேண்டாம்னு மட்டும் சொன்னேன்" என்றாள். அவன் மேல் கோபமா என்று மட்டும் கேட்டேன். "கோபம்னா சண்டை போட்டுச் சரி பண்ணிடலாமே" என்றாள். ஸ்கூட்டரில் சாவியைப் போட்டாள், திருப்பவில்லை. "மீட்டிங்ல நான் வேலையைப் பத்திப் பேசினதை வீட்டுப் பேச்சாக்கிட்டான். நாளைக்கு வீட்ல பேசினா அதை என்ன ஆக்குவான்?" என்றாள்.

நீ இப்போது கடலோரத்தில், செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிற இடத்தில் இருக்கிறாய். நாளைக் காலை உங்கள் ராக்கெட் கிளம்புகிறது. நீ திரும்பி வந்து வாசல் மேஜையில் இந்தக் கடிதத்தைப் பார்க்கும்போது அது பறந்து முடித்திருக்கும், இல்லையென்றால் விழுந்திருக்கும். எது நடந்திருந்தாலும் இந்தக் கடிதத்தால் அதில் ஒரு மயிரளவு மாற்றமும் வந்திருக்காது. தெரிந்தேதான் எழுதுகிறேன். மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை. டி.வி.யில் எதுவும் மனதில் நிற்கவில்லை. எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவளுக்கு ராக்கெட்டைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று நீ கேட்பாய். தகுதி ஒன்றும் இல்லை. நீ என் பிள்ளை, அவள் என் வீட்டுக்கு வரப்போகிற பெண். எனக்கு உங்கள் இருவரையும் விட்டால் யோசிக்க வேறு விஷயமும் இல்லை.

அந்த மீட்டிங்கைப் பற்றி எனக்கு முதலில் சொன்னதே நீதான். அன்றைக்குச் சாயங்காலம் கால் கழுவிக்கொண்டே சிரித்துச் சிரித்துச் சொன்னாய். ராக்கெட்டை அனுப்புவதற்கு முன்னால் ஒவ்வொரு பிரிவுக்காரரையும் பெயர் சொல்லி, நீங்கள் தயாரா என்று வரிசையாகக் கேட்பீர்களாம். எல்லோரும் 'தயார்' 'தயார்' என்று சொல்லிக்கொண்டு வந்தார்களாம். எரிபொருள் பிரிவில் பியூலா முறை வந்தபோது, "எனக்குச் சம்மதம் இல்லை" என்றாளாம். கேட்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தது நீ. "நான் உடனே 'இதை நாங்க வீட்ல பேசிக்கிறோம்'னேன்மா. ஹாலே சிரிச்சுது. அப்படியே அடுத்த ஆளுக்குப் போயிட்டேன்" என்றாய். நான் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சிரித்தேன். பெண்டாட்டியாகப் போகிறவளிடம் இப்பவே மாட்டிக்கொண்டான் என்று எனக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது. அந்தத் தோசை தீய்ந்துபோனதுதான் ஞாபகம் இருக்கிறது. ஏன் தீயவிட்டேன் என்று அப்போது தெரியவில்லை.

ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போதுதான் தெரிந்தது. அந்த வார்த்தையை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். நீ நான்காவதோ ஐந்தாவதோ படிக்கும்போது நம் குடியிருப்பில் ஒரு கூட்டம் நடந்தது. முன்னால் இருக்கிற மண் தரை முழுக்க சிமென்ட் போட்டு மூடிவிடலாம், வண்டி நிறுத்த வசதி என்று எல்லோரும் சொன்னார்கள். நான் எழுந்து, மழைத்தண்ணீர் போக வழி இல்லாவிட்டால் கீழ் வீடுகளுக்குள் வந்துவிடும் என்று சொல்ல ஆரம்பித்தேன். பாதி சொல்வதற்குள் உன் அப்பா, "இதை நாங்க வீட்ல பேசிக்கிறோம் சார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீ பிளாஸ்டிக் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய், நீயும் சிரித்தாய். சிமென்ட் போட்டார்கள். அந்த வருஷம் பார்த்து மழையே பெய்யவில்லை. அடுத்த வருஷம் நகராட்சி தெருவில் கால்வாய் கட்டிவிட்டது. ஆக, நான் சொன்னது சரியா தப்பா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு நான் எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்கவில்லை, வீட்டில் பேசிக்கொள்ளவும் இல்லை. இன்று மத்தியானம் உன் அப்பாவிடம் அந்தக் கூட்டம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். "எந்தக் கூட்டம்?" என்றார். பாவம், பொய் சொல்லத் தெரியாத மனிதர், உண்மையாகவே ஞாபகம் இல்லை. தண்ணீர் வீட்டுக்குள் வந்திருந்தால் ஒருவேளை ஞாபகம் இருந்திருக்கும்.

உன் மீட்டிங்குக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. பியூலா போன் பண்ணி, "ஆன்ட்டி, பல்லாவரம் சந்தைக்கு வர்றீங்களா?" என்றாள். கல்யாணத்துக்குப் பூந்தொட்டி வாங்கத்தான் கூப்பிடுகிறாள் என்று கிளம்பினேன். அவள் செடிப் பக்கமே திரும்பவில்லை. பழைய சாமான் குவித்திருக்கிற பக்கம் நேராகப் போய், குந்தி உட்கார்ந்து, ஒரு பழைய மேஜை மின்விசிறியின் மோட்டாரைக் கையில் எடுத்துச் சுழற்றிப் பார்த்தாள். கடைக்காரர் என்னைப் பார்த்து, "இன்னாமா, கல்யாணப் பொண்ணுன்ற, வளையல் வாங்காம மோட்டாரு வாங்கிகினு போவுது? மாப்ள வூட்ல பேஜாராயிடப் போவுது" என்றார். "மாப்ள வூட்டுக்குத்தாண்ணா இது" என்றாள் பியூலா. அவள் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து நானும் கடைக்காரரும் சேர்ந்து சிரித்தோம். திரும்பி வரும் வழியில், ரயிலில் நின்றுகொண்டு, அந்த மோட்டாரைக் கைக்குழந்தை மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அதன்பின் வந்த ஞாயிறு, முதல் ஓலை வாசித்த அன்று, மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் நம் வீட்டுக்கு வந்தாள். மட்டன் குழம்பை நீ மூன்றாம் முறை ஊற்றிக்கொண்டிருந்தாய். "வீட்ல பேசிக்கிறோம்னு சொன்னியே, வா பேசலாம்" என்று அவள் பையிலிருந்து அந்த மோட்டாரை எடுத்து மேஜை மேல் வைத்தாள். அதன் மேல் ஒரு பவுடர் டப்பாவைப் பொருத்தியிருந்தாள். டப்பாவின் உள்சுவர் முழுக்க மெழுகு. நம் சர்ச்சில் கிறிஸ்துமஸுக்கு ஏற்றி மிச்சமான மெழுகுவர்த்தியை உருக்கிப் பூசினாளாம். என்னிடம் தாளிக்கிற கரண்டியை வாங்கி, சைக்கிள் சக்கரத்தில் இருக்கிற சின்ன இரும்பு குண்டுகளை அதில் போட்டு அடுப்பில் சூடாக்கினாள். முதலில் டப்பாவைச் சும்மா நிறுத்தி வைத்துவிட்டு உள்ளே சில குண்டுகளைப் போட்டாள். அவை சுவரை லேசாக உரசிக்கொண்டு அடியில் விழுந்து கிடந்தன. மெழுகில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஸ்விட்சைப் போட்டாள். டப்பா சுற்ற ஆரம்பித்ததும் மிச்ச குண்டுகளைப் போட்டாள். எல்லாம் சுவரோடு ஒட்டிக்கொண்டன. நிறுத்திவிட்டு, குண்டுகள் ஆறியதும் என் விரலைப் பிடித்து உள்ளே விட்டாள். மெழுகில் குழி குழியாக இருந்தது. ஒவ்வொரு குழியிலும் ஒரு குண்டு புதைந்திருந்தது.

"இவ்வளவுதான் ஆன்ட்டி நான் சொல்றது" என்றாள். உனக்குத் தெரிந்ததைத்தான் நான் திரும்ப எழுதுகிறேன், ஆனால் நான் புரிந்துகொண்ட விதம் சரிதானா என்று பார். உங்கள் ராக்கெட்டில் இருக்கிறது பெட்ரோல் மாதிரி ஊற்றுகிற எரிபொருள் இல்லை, ரப்பர் மாதிரி கெட்டியானது. நடுவில் நீளமாக ஓட்டை. அந்த ஓட்டையின் சுவரில் தீப்பிடித்து, வெளிப்பக்கமாகத் தின்றுகொண்டே போகும். உள்ளே அலுமினியப் பொடி கலந்திருக்கிறது. எரியும்போது அந்தப் பொடி உருகிச் சின்னச் சின்னத் துளிகளாகும். ராக்கெட்டைத் தரையில் கட்டிவைத்து எரித்தால், கிளம்புகிற புகையும் காற்றும் அந்தத் துளிகளைச் சுவரிலிருந்து அடித்துக்கொண்டு வெளியே போய்விடும். ஆனால் உங்கள் ராக்கெட் நேராகப் போவதற்காகத் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு மேலே போகிறது. சுற்றும்போது துளிகள் எரிகிற சுவரை நோக்கியே தள்ளப்படும். வெளியே போகாமல் அங்கேயே உட்கார்ந்து, அந்த இடத்தைக் குடைந்து, குழி போடும். குழி விழுந்தால் எரிகிற பரப்பு கூடும், எரிகிற வேகம் கூடும், உள்ளே அழுத்தம் கூடும். நீங்கள் கணக்குப் போட்டதற்கு முன்னாலேயே தீ ஏதோ ஓர் இடத்தில் வெளிக்கூட்டைத் தொட்டுவிடும். நான், தீபாவளிக்கு யாரோ கொளுத்திய மத்தாப்புப் பொறி என் நைலக்ஸ் புடவையில் விழுந்ததைச் சொன்னேன். உதறின இடத்தில் ஒன்றும் ஆகவில்லை, நான் உட்கார்ந்து அழுத்திக்கொண்டிருந்த மடிப்பில் மட்டும் ஓட்டை. "அதேதான் ஆன்ட்டி!" என்று அவள் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அந்த நிமிஷம் எனக்கு இருந்த பெருமையை நீ கெடுக்கவில்லை, அதற்கு நன்றி.

நீ முட்டாள் இல்லை, அலட்சியக்காரனும் இல்லை. அன்றைக்கு நீ சொன்னதையும் எழுதுகிறேன், இல்லாவிட்டால் அம்மா ஒருபக்கமாகப் பேசுகிறாள் என்பாய். "எனக்கும் இது தெரியும் பியூ. மெதுவா சுத்தினா இந்த எஃபெக்ட் பெருசா வராது. நம்முது மெதுவாத்தான் சுத்துது. அதுக்கு மேல கூட்டுக்குள்ள தீ தாங்குற பூச்சு எக்ஸ்ட்ரா போட்டிருக்கோம். ஸ்டாண்டுல கட்டி எரிச்ச ஒவ்வொரு தடவையும் அச்சு அசலா வந்திருக்கு" என்றாய். அவள், "ஸ்டாண்டுல அது சுத்தலையே" என்றாள். "போன தடவை பறந்தப்ப சுத்திச்சே" என்றாய். "போன தடவை பொடி நைஸா இருந்துச்சு. இந்தத் தடவை வந்திருக்கிறது கொரகொரப்பு. கலவையும் மெதுவா எரியுற மாதிரி மாத்தியிருக்கோம். பொடி பெருசானா, எரியுறது மெதுவானா, இந்தத் தொல்லை கூடும்னு உனக்கே தெரியும். எவ்வளவு கூடும்னுதான் எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. ஒரே ஒரு தடவை சுத்தவிட்டு எரிச்சுப் பாத்துடலாம்" என்றாள். அதற்கு ஒரு மேடை கட்ட வேண்டும், அதற்குள் உங்களுக்கு ஒதுக்கிய நாள் போய்விடும், போனால் மறுபடி எப்போது கிடைக்கும் என்று தெரியாது, அத்தனை பேர் வேலையும் இதை நம்பி இருக்கிறது என்றாய். அதெல்லாம் உண்மைதான் என்று உன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இந்த வேலைக்கு உன்னைத் தலைவனாகப் போட்ட நாளிலிருந்து நீ சாப்பாட்டை மெல்வதில்லை, விழுங்குகிறாய்.

நான் உங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் சரி என்று எனக்குத் தெரியவில்லை. இப்பவும் தெரியாது. அப்பா வழக்கம்போல, "அவங்க பாத்துப்பாங்க, நீ பாயசத்தை எடு" என்றார். நானும் எடுத்தேன். அப்போது நீ எழுந்து பியூலாவின் தோளில் கை வைத்து, ரொம்பப் பிரியமாகத்தான், "நீ ரொம்ப டென்ஷனாயிட்டே. கல்யாண வேலை வேற தலைக்கு மேல கிடக்கு. நாளையிலேர்ந்து லீவு எடுத்துக்கோ, லாஞ்சுக்கு நீ வர வேண்டாம், நான் பாத்துக்கறேன்" என்றாய். நல்ல பிள்ளை, பெண்டாட்டியாகப் போகிறவளை இப்படித் தாங்குகிறானே என்று எனக்கு மனசு குளிர்ந்தது. அவள் பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். நீ கவனித்திருக்க மாட்டாய். டப்பாவை மோட்டாரிலிருந்து கழற்றி, என்னிடம் கொடுத்து, "இதை நீங்களே வச்சுக்கங்க ஆன்ட்டி" என்றாள். நீ மறுநாள் கிளம்பிப் போனாய். இரண்டாவது ஓலை வாசிக்கும்போது நீ ஊரில் இல்லை, அவள் தனியாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

உங்கள் அலுவலகத்தில் வரிசையாகக் கேட்பதும் நம் சர்ச்சில் மூன்று தடவை கேட்பதும் எதற்கென்று இந்த ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் சரி என்று சொல்வதற்காக யாரும் அப்படி ஒரு கேள்வியைக் கேட்பதில்லை. இல்லை என்று சொல்ல ஒருவர் இருந்தால் அவர் சொல்வதற்காகத்தான் கேட்கிறார்கள். உனக்கு ஒருத்தி சொன்னாள். அவள் சொன்னதைக் கேட்டு, யோசித்து, காரணத்தை எல்லோர் முன்னாலும் சொல்லி, "இருந்தாலும் போகிறோம்" என்று நீ முடிவெடுத்திருந்தால் அவள் நேற்று ஆயரிடம் போயிருக்க மாட்டாள், எனக்கு அவளைத் தெரியும். தோற்றுப் போவது அவளுக்குப் பெரிய விஷயம் இல்லை. கேரம் விளையாட்டில் உன்னிடம் எத்தனை தடவை தோற்றிருக்கிறாள், ஒரு நாளாவது முகத்தைத் தூக்கினாளா? நீ அவளைத் தோற்கடிக்கவில்லை, டேனி. அவள் பேசவே இல்லை என்பதுபோல ஆக்கிவிட்டாய், அதுவும் சிரித்துக்கொண்டே.

நீ கொடுத்த விருந்தினர் விடுதி நம்பரை ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறேன். 'அவசரம் என்றால் மட்டும்' என்று உன் கையால் எழுதியிருக்கிறாய். மத்தியானம் அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இதைவிட அவசரம் என்ன இருக்கிறது? ஆனால் வண்டி நிறுத்துமிடத்தில் பியூலா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டாள். "அவன்கிட்ட இப்ப சொல்லாதீங்க ஆன்ட்டி. சொன்னா அவன் எனக்காக நிறுத்திடுவான். எனக்காக நிறுத்தக் கூடாது. நிறுத்தினா அந்தப் பொடிக்காக நிறுத்தணும்." நான் சரி என்று தலையாட்டிவிட்டேன். எந்த நேரத்தில் ஆட்டினேனோ தெரியவில்லை. அவள் சொல்வது நியாயம் என்று தெரிகிறது. கூப்பிட்டுச் சொன்னால் நீ பதறி அடித்துக்கொண்டு நிறுத்துவாய், இல்லாவிட்டால் பதறிய மனசோடு நாளைக்கு ராக்கெட்டை அனுப்புகிற மேஜையில் உட்காருவாய். இரண்டும் வேண்டாம். அப்படியென்றால் எதுதான் வேண்டும்? ஒரு தடவை நம்பரை அழுத்திவிட்டேன். மணி அடிக்கிற சத்தம் கேட்டதும் வைத்துவிட்டேன். உன் அப்பா வந்து, "நான் பேசட்டுமா?" என்றார். என்ன பேசுவீர்கள் என்று கேட்டேன். அவர் பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய், அந்தக் குழிகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். பிள்ளையைப் பெற்று, படிக்கவைத்து, ஆளாக்கி, கடைசியில் இரண்டு கிழங்களும் ஒரு போனுக்கும் ஒரு டப்பாவுக்கும் நடுவில் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறோம்.

நாளைக்கு அது வெடித்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கிறேன். நீங்களெல்லாம் தூரத்தில் பத்திரமாக இருப்பீர்கள், யாருக்கும் அடிபடாது என்று நீ சொல்லியிருக்கிறாய். அதை நம்புகிறேன். ஆனால் நீ உடைந்துபோவாய். சின்ன வயதில் பட்டம் அறுந்து போனதற்கே இரண்டு நாள் பேசாமல் இருந்தவன் நீ. ஆனாலும் அதைவிடப் பெரிய பயம் ஒன்று எனக்கு இருக்கிறது, அதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது. அது நன்றாகப் பறந்துவிட்டால்? எல்லோரும் உன்னைத் தூக்கிக் கொண்டாடுவார்கள். நீ வீட்டுக்கு வந்து பியூலாவைப் பார்த்து, "பாத்தியா?" என்று சிரிப்பாய். பிரியமாகத்தான் சிரிப்பாய். அதற்கப்புறம் அவள் எந்த மீட்டிங்கிலும் இல்லை என்று சொல்ல மாட்டாள். வீட்டிலும் சொல்ல மாட்டாள். நீங்கள் சந்தோஷமாக இருக்கிறீர்கள் என்று ஊர் சொல்லும், நீயும் சொல்வாய். நான் அப்படி ஒரு வீட்டில் இருந்திருக்கிறேன், டேனி. மழை பெய்யாத வருஷத்தில் ஆரம்பித்தது அது.

இந்த வாரம் தெருப் பெண்களின் வீட்டு ஜெபம் நம் வீட்டு முறை. முன்பே சொல்லி வைத்தது, மாற்ற முடியவில்லை. சாயங்காலம் எல்லோரும் வந்தார்கள். கோவிலம்பாக்கத்திலிருந்து பியூலாவும் வந்தாள், வருவாள் என்று நான் நினைக்கவே இல்லை. கதவுப் பக்கம் தரையில் உட்கார்ந்தாள். ஓலை வாசிக்காததைப் பற்றி யாரும் கேட்கவில்லை, கேட்காமல் இருக்க எல்லோரும் படாத பாடு பட்டார்கள். பாட்டு முடிந்ததும் எதிர்வீட்டு ரோஸ்லின் அக்கா, "நாளைக்கு நம்ம டேனி தம்பியோட ராக்கெட் போகுது. அதுக்காக அம்மாவே ஒரு ஜெபம் பண்ணட்டும்" என்றார்கள். எல்லோரும் கண்ணை மூடினார்கள். நானும் மூடினேன். அது நன்றாகப் போகட்டும் என்று கேட்க வாய் திறந்தால் அவள் முகம் வந்தது. போகாமல் இருக்கட்டும் என்று பெற்றவள் கேட்க முடியுமா? உன் பெயரை மட்டும் ஒரு தடவை சொன்னேன், அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

அப்போது கதவுப் பக்கத்திலிருந்து பியூலாவின் குரல் வந்தது. "ஆண்டவரே, நாளைக்கு அது நல்லபடியா மேல போகட்டும். நான் பயந்த மாதிரி எதுவும் நடக்க வேண்டாம். நான் சொன்னது தப்பாவே இருக்கட்டும்" என்றாள். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. எல்லோரும் ஆமென் என்றார்கள். நான் சொல்லவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய்ப் பால் வைத்தேன். அவள் பின்னாலேயே வந்து, டம்ளர்களை எடுத்து வரிசையாக வைத்தாள்.

டப்பாவை இந்தக் கடிதத்தின் மேல் வைத்திருக்கிறேன். படித்து முடித்ததும் உள்ளே விரலை விட்டுப் பார். பிறகு அவளைக் கூப்பிட்டு, அன்றைக்கு ஏன் சம்மதம் இல்லை என்று சொன்னாய் என்று கேள், சிரிக்காமல் கேள். ராக்கெட் விழுந்திருந்தால் அன்றைக்கே கேள். நன்றாகப் பறந்திருந்தால் காலைக்கூடக் கழுவாதே, வாசலில் நின்றுகொண்டே கூப்பிடு.

உன் அம்மா